ஈரத்தை மறைக்காதீர்!

 

பெரிய கம்பெனிகளின் நிர்வாகத்தைப் பற்றி எழுதுவதற்கு ஒரு மளிகைக் கடைக்காரனுக்கு என்ன தகுதி என்று சிலர் கேட்கக்கூடும். கேட்பது நியாயமே. நான் மதரஸாவில் ஓதியவன். ஆரம்பப் பள்ளியோடு படிப்பை முடித்துக்கொண்டவன். ஆயினும், வியாபாரம் சிறிதோ பெரிதோ, அதன் அடியில் கிடக்கும் கேள்வி ஒன்றே என்பதை என் கல்லாப்பெட்டிக்குப் பின்னால் உட்கார்ந்து அறிந்துகொண்டேன். அந்தக் கேள்வி இதுதான்: நம் பொறுப்பில் உள்ள ஒரு காரியம் கெட்டுக்கொண்டிருப்பது நமக்குத் தெரிந்துவிட்டது. அதை உரியவரிடம் உடனே சொல்வது நம்மீது கடமையா? அல்லது பொய் பேசாமல் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதுமா?

இந்தக் கேள்வியை என்னிடம் கொண்டு வந்தவன் என் சகோதரியின் மகன். அவன் ஒரு கம்பெனியில் திட்டப் பொறுப்பாளனாக இருக்கிறான். கம்பெனியின் பெயர் இங்கே அவசியமில்லை. அதன் கிடங்குக் கணக்குகளைப் பழைய கம்ப்யூட்டர் முறையிலிருந்து புதிய முறைக்கு மாற்றுவது அவனிடம் ஒப்படைக்கப்பட்ட வேலை. முடிக்க வேண்டிய தேதியும் குறித்தாகிவிட்டது. செலவுத் தொகையும் குறித்தாகிவிட்டது. ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு கடைக்கு வந்தவன், நான் வாங்கிக் கொடுத்த தேநீரைக் குடிக்காமலேயே ஆறவிட்டு உட்கார்ந்திருந்தான்.

"என்ன தம்பி, முகம் வாடியிருக்கிறதே?" என்றேன்.

"மாமா, எங்கள் ஆபீஸில் வாராவாரம் மேலிடத்துக்கு ஓர் அறிக்கை அனுப்ப வேண்டும். வேலை ஒழுங்காக நடந்தால் பச்சை, கொஞ்சம் தடுமாறினால் மஞ்சள், ஆபத்து என்றால் சிவப்பு. நான் எட்டு வாரமாகப் பச்சையே போட்டு அனுப்புகிறேன். உண்மையில், கிடங்கில் இருக்கும் சரக்குக்கும் புதுக் கணக்குக்கும் பொருத்தமே இல்லை."

"அப்படியானால் சிவப்பு என்று போட வேண்டியதுதானே?"

"யாருமே சிவப்புப் போடுவதில்லை, மாமா. போட்டவனைக் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் வைத்து வாட்டி எடுத்துவிடுவார்கள். நான் ஒன்றும் பொய் எழுதவில்லை. '90 சதவீதம் முடிந்தது' என்றுதான் எழுதுகிறேன். அது உண்மைதானே?"

இந்தத் தொழிலில் இருப்பவர்கள் இப்படிப்பட்ட வேலைக்குத் தர்ப்பூசணித் திட்டம் என்று வேடிக்கையாகப் பெயர் வைத்திருக்கிறார்களாம். வெளியே பச்சை, வெட்டினால் உள்ளே சிவப்பு! அவன் அதைச் சொன்னபோது நானும் சிரித்தேன். ஆனால், அவன் எழுந்து போன பிறகு எனக்குச் சிரிப்பு வரவில்லை. மதரஸாவில் சிறு வயதில் கேட்ட ஒரு சம்பவம் ஞாபகத்துக்கு வந்தது.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஒருநாள் கடைவீதி வழியே சென்றார்கள். ஒரு வியாபாரி தானியத்தைக் குவித்து வைத்திருந்தார். நாயகம் அவர்கள் அந்தக் குவியலுக்குள் தம் கையை விட்டார்கள். விரல்களில் ஈரம் பட்டது. இது என்னவென்று விசாரித்தபோது, மழையில் நனைந்துவிட்டதாக அவர் சொன்னார். நனைந்ததை மக்கள் காணும்படி மேலே வைத்திருக்கலாகாதா என்று கேட்டு, ஏமாற்றுகிறவருக்கும் தமக்கும் சம்பந்தமில்லை என்று நாயகம் அவர்கள் எச்சரித்தார்கள். ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ள இந்தச் சம்பவத்தை நம்மில் கேளாதவர் இலர். ஆனால், நம் வேலைக்கு இதில் என்ன பாடம் இருக்கிறது என்று நின்று யோசித்தவர் எத்தனை பேர்?

முதலாவதாக, அந்த வியாபாரி வாயால் பொய் சொல்லவில்லை. கேட்டவுடன் உண்மையை ஒப்புக்கொண்டார். காய்ந்ததை மேலேயும் நனைந்ததைக் கீழேயும் இருக்கவிட்டார், அவ்வளவே. இரண்டாவதாக, மழை பெய்தது அவருடைய குற்றமன்று. நாயகம் அவர்களும் நனைந்ததற்காக அவரைக் கண்டிக்கவில்லை, மறைத்ததற்காகவே கண்டித்தார்கள். மூன்றாவதாக, சமுதாயத்தின் தலைவராக இருந்தவர்கள் குவியலின் மேற்பரப்பைப் பார்த்துத் திருப்தியடையாமல், தாமே கையை உள்ளே விட்டுப் பார்த்தார்கள்.

என் மருமகனின் '90 சதவீதம்' காய்ந்த தானியம். மீதியுள்ள 10 சதவீதம் ஈரம். புதுக் கணக்கு சரக்கோடு பொருந்த வேண்டும் என்பதற்காகத்தானே அந்த வேலையே தொடங்கப்பட்டது? பொருந்தாத கணக்கில் 90 சதவீதம் முடிந்தது என்பதற்கு என்ன அர்த்தம்? நான்கு ரக்அத் தொழ வேண்டியவர் மூன்றோடு எழுந்து போய்விட்டால், அவரை முக்கால் தொழுகை தொழுதவர் என்று சொல்வோமா? தொழுகை நிறைவேறவில்லை என்றுதான் சொல்வோம். வேலையைச் சிறு சிறு பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் 'முடிந்தது', 'முடியவில்லை' என்ற இரண்டே பதிலை வைத்துக்கொண்டால், சதவீதத்துக்குள் ஒளிந்துகொள்ள இடமிராது.

செய்தியைச் சொல்வது மட்டும் போதாது; காலத்தோடு சொல்ல வேண்டும். நோன்பு மாதத்தில் நம் பள்ளிவாசல்களில் கஞ்சி காய்ச்சுகிறோமே, அதைவிடப் பெரிய திட்டம் எது? தேதி மாற்ற முடியாதது. மஃரிப் பாங்கு யாருக்காகவும் காத்திராது. ஆகையால் பாங்கு நேரத்திலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போடுகிறோம். எத்தனை மணிக்குக் கஞ்சியை இறக்க வேண்டும், எப்போது அடுப்பேற்ற வேண்டும், அரிசி எப்போது ஊற வேண்டும், சாமான்கள் எப்போது வந்து சேர வேண்டும் என்றெல்லாம் முன்கூட்டியே முடிவு செய்கிறோம். ஒருநாள் அரிசி வரவில்லை என்று வைத்துக்கொள்வோம். சமையல் பொறுப்பாளர் காலையிலேயே சொன்னால் பக்கத்துக் கடையில் வாங்கிவிடலாம். அஸருக்குச் சொன்னால்கூட ரொட்டியும் பேரீச்சம்பழமும் ஏற்பாடு செய்து நோன்பாளிகளைக் கவனிக்கலாம். பாங்கு சொல்லும்போது சொன்னால்? அப்போது அது செய்தியன்று, சாக்கு! கெட்ட செய்திக்கும் ஒரு விலையுண்டு. நேரம் ஆக ஆக அந்த விலை ஏறிக்கொண்டே போகும்.

இந்த இடத்தில் நம்மவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லாமலிருக்க முடியவில்லை. 'இன்ஷா அல்லாஹ்' என்ற புனிதமான சொல்லை நாம் எதற்குப் பயன்படுத்துகிறோம்? நாளை ஒரு காரியத்தைச் செய்வேன் என்று சொல்லும்போது இறைவன் நாடினால் என்று சேர்த்துச் சொல்லும்படி திருக்குர்ஆனின் கஹ்ஃபு அத்தியாயம் நமக்குக் கற்பிக்கிறது. நம் முழு முயற்சியையும் செய்துவிட்டு, முடிவை அவனிடம் ஒப்படைப்பதற்கான சொல் அது. நம்மில் சிலரோ, முடியாது என்று தெரிந்த வேலைக்கும் 'இன்ஷா அல்லாஹ், வெள்ளிக்கிழமை தந்துவிடுகிறேன்' என்கிறோம். வாடிக்கையாளர் நம்பிப் போகிறார். மனத்தில் இல்லாத வாக்குறுதிக்கு அல்லாஹ்வின் பெயரைப் போர்வையாக்குவது எவ்வளவு பெரிய துணிச்சல்!

ஈரத்தை மறைத்தால் என்ன ஆகும் என்பதற்கு இந்தச் சிங்கப்பூரிலேயே இரண்டு சாட்சிகள் உண்டு.

1762-ஆம் ஆண்டில் லண்டனில் தொடங்கிய பேரிங்ஸ் என்ற பழமையான வங்கி 1995 பிப்ரவரியில் விழுந்தது. அதை வீழ்த்தியது சிங்கப்பூர்க் கிளையில் இருந்த நிக் லீசன் என்ற இளைஞரின் வாயிதா வியாபாரம். நஷ்டங்களையெல்லாம் அவர் 88888 என்ற எண்ணுள்ள ஒரு தனிக் கணக்கில் போட்டு மறைத்து வைத்தார். தம்மிடம் வேலை செய்தவர் ஒருவரின் சிறு பிழையை மூடவே முதலில் அது உதவியது என்று அவரே பின்னாளில் சொன்னார். நஷ்டம் கடைசியில் 82 கோடி 70 இலட்சம் பவுனாகியது. 233 ஆண்டுகள் வாழ்ந்த வங்கி ஒரே ஒரு பவுன் விலைக்குக் கைமாறியது! லீசனுக்குச் சிங்கப்பூர் நீதிமன்றம் ஆறரை ஆண்டுச் சிறைத்தண்டனை விதித்தது.

குற்றம் செய்தவர் தண்டனை பெற்றார், சரி. ஆனால், லண்டனில் இருந்த பெரியவர்கள் என்ன செய்துகொண்டிருந்தார்கள்? வியாபாரம் செய்பவரும் அவர். அதன் கணக்கைச் சரிபார்க்கும் பகுதிக்குப் பொறுப்பாளரும் அவரே. இது ஆபத்து என்று வங்கியின் உள்தணிக்கையாளர்களே 1994-இல் சுட்டிக்காட்டினார்கள். ஒன்றும் நடக்கவில்லை. சிங்கப்பூரிலிருந்து காகிதத்தில் வந்த இலாபம் அத்தனை இனிப்பாயிருந்தது. கேட்ட போதெல்லாம் பணம் அனுப்பினார்களே தவிர, குவியலுக்குள் ஒருவரும் கையை விட்டுப் பார்க்கவில்லை.

இரண்டாவது சாட்சி இதனினும் துக்ககரமானது. 2004 ஏப்ரல் 20-ஆம் தேதி பிற்பகலில் நிக்கல் நெடுஞ்சாலையோரம், வட்டப்பாதை ரயிலுக்காகத் தோண்டிக்கொண்டிருந்த ஆழமான பள்ளம் சரிந்தது. நான்கு பேர் உயிரிழந்தனர். அவர்களில் ஒரு மேற்பார்வையாளர், தம்மிடம் வேலை செய்தவர்களை முதலில் மேலே அனுப்பிவிட்டுத் தாம் தப்ப முடியாமல் போனார். விபத்தைத் தடுத்திருக்க முடியும் என்பதே பின்னர் அமைந்த விசாரணைக் குழுவின் முடிவு. தாங்குசட்டங்களின் இணைப்புகள் போதிய பலத்தோடு வடிவமைக்கப்படவில்லை. பள்ளத்தின் சுவர் அளவுக்கு மேல் வளைகிறது என்று அளவுக் கருவிகள் முன்பே காட்டின. அப்போது வேலையை நிறுத்துவதற்குப் பதிலாகக் கணக்கை மறுபடி போட்டு, எச்சரிக்கை எல்லையையே உயர்த்தி வேலையைத் தொடர்ந்தார்கள்.

சகோதரர்களே, இதைச் சற்று நினைத்துப் பாருங்கள். கருவி குவியலுக்குள் கையை விட்டது. விரலில் ஈரமும் பட்டது. 'இவ்வளவு ஈரம் பரவாயில்லை' என்று மனிதர்கள் புதிதாக ஒரு விதி எழுதிக்கொண்டார்கள்! இலாபக் கணக்கில் மறைத்தால் பணம் போகும். பாலத்திலும் பள்ளத்திலும் மறைத்தால் உயிர் போகும். அன்று மாலை வீடு திரும்பாதவர்களின் குடும்பங்களுக்கு எந்த அறிக்கையின் பச்சை நிறம் ஆறுதல் தரும்? இதன் பிறகே 2006-இல் வேலையிடப் பாதுகாப்புக்கு இங்கே புதிய சட்டம் நடைமுறைக்கு வந்தது.

இவ்வளவும் கேட்ட என் மருமகன் ஒரு கேள்வி கேட்டான். அது நியாயமான கேள்வி. "மாமா, உண்மையைச் சொல்லி நான் வேலையை இழந்தால், வீட்டுக் கடனை யார் கட்டுவார்கள்? பிள்ளைகளின் படிப்புக்கு யார் கொடுப்பார்கள்?" இதற்கு 'அல்லாஹ் இருக்கிறான்' என்று சொல்லிவிட்டு நான் எழுந்து போயிருக்கலாம். அல்லாஹ் இருக்கிறான் என்பதில் ஐயமில்லை. ஆனால், பயப்படும்படி ஒருவனை வைத்திருக்கும் முதலாளியின் கணக்கையும் அதே அல்லாஹ்தான் கேட்கப் போகிறான். அதைச் சொல்ல எனக்கு வெட்கமாயிருந்தது. ஏனெனில், நானே அப்படிப்பட்ட முதலாளியாக இருந்தவன்.

சில ஆண்டுகளுக்கு முன் நோன்புக்கு முந்திய வாரம், என் கடையின் பின்கட்டில் மழைத் தண்ணீர் புகுந்து அடிவரிசை அரிசி மூட்டைகள் நனைந்துவிட்டன. கடையில் வேலை செய்த தம்பி அதை என்னிடம் சொல்லவில்லை. நனைந்த மூட்டைகளை அடியில் தள்ளிக் காய்ந்தவற்றை மேலே அடுக்கி வைத்துவிட்டான். வாடை அடித்த பிறகே எனக்குத் தெரிந்தது. அதற்குள் மூன்று மூட்டைகள் வாடிக்கையாளர் வீடுகளுக்குப் போய்விட்டிருந்தன. "ஏன் சொல்லவில்லை?" என்று கத்தினேன். அவன் தலை குனிந்து, "போன மாதம் எண்ணெய்ப் போத்தல் உடைந்ததற்கே முதலாளி அப்படி ஏசினீர்களே" என்றான். எனக்குப் பதில் வரவில்லை. மூன்று வீடுகளுக்கும் நானே போய் மன்னிப்புக் கேட்டு மூட்டைகளை மாற்றிக் கொடுத்தேன். அந்த நஷ்டத்தில் பாதி மழையின் பங்கு. மறுபாதி என் வாயின் பங்கு. அவன் மறைத்தது தவறுதான். மறைக்கக் கற்றுக் கொடுத்த ஆசிரியர் யார்?

பயம் இருக்கும் இடத்தில் உண்மையான கணக்கு இராது என்பதை ஜப்பானியர் தொழிற்சாலையிலேயே நடத்திக் காட்டினார்கள். சகிச்சி டொயோடா என்பவர் 1924-இல் முழுமைப்படுத்திய தானியங்கித் தறி, ஓர் இழை அறுந்தாலும் தானே நின்றுவிடும். நம் கடையநல்லூர்ப் பெரியவர்கள் பலர் தறியில் வளர்ந்தவர்கள். அறுந்த இழையோடு தறி ஓடினால் துணி என்னாகும் என்று அவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அவருடைய குடும்பத்தார் நிறுவிய டொயோட்டா கார்த் தொழிற்சாலையிலும் அதே கொள்கை வந்தது. வேலை வரிசையின் மேலே ஒரு கயிறு தொங்கும். பிழையைக் கண்ட எந்தத் தொழிலாளியும் அதை இழுக்கலாம். குழுத் தலைவர் ஓடி வருவார். ஏசுவதற்கு அல்ல, உதவுவதற்கு. உடனே சரிசெய்ய முடியாவிட்டால் வரிசையே நின்றுவிடும். 1950-இல் ஜப்பானுக்குச் சென்று தரக் கட்டுப்பாட்டைப் போதித்த எட்வர்ட்ஸ் டெமிங் என்ற அமெரிக்க அறிஞர் நிர்வாகிகளுக்குப் பின்னாளில் வகுத்துத் தந்த 14 நெறிகளில், வேலையிடத்திலிருந்து பயத்தை விரட்ட வேண்டும் என்பதும் ஒன்று. வியாபாரத்தை அபிவிருத்தி செய்ய வழி கேட்பவர்கள் முதலில் இந்தக் கயிற்றைத் தங்கள் கடையில் தொங்கவிட்டுப் பார்க்கட்டும்.

நம் மார்க்கம் இதைப் புதிதாக ஜப்பானிடமிருந்து கற்க வேண்டியதில்லை. மூஸா (அலை) அவர்களை வேலைக்கு அமர்த்தும்படி மத்யன் நாட்டுப் பெண் தன் தந்தையிடம் சிபாரிசு செய்தபோது, அவர் வலிமையுள்ளவர், நம்பிக்கைக்குரியவர் என்று இரண்டு தகுதிகளைச் சேர்த்துச் சொன்னதாகத் திருக்குர்ஆன் கூறுகிறது. யூசுஃப் (அலை) அவர்கள் எகிப்தின் களஞ்சியப் பொறுப்பைக் கேட்டபோதும், தாம் பாதுகாப்பவர், விஷயம் அறிந்தவர் என்று இரண்டையும் சேர்த்தே சொன்னார்கள். திறமை மட்டும் போதாது. அமானிதம் மட்டும் இருந்து வேலை தெரியாவிட்டாலும் போதாது. இரண்டும் ஒரே வண்டியின் இரு சக்கரங்கள்.

அந்த யூசுஃப் (அலை) அவர்கள் அரசனுடைய கனவுக்கு விளக்கம் சொன்னபோது எங்கே இருந்தார்கள்? சிறையில்! இழப்பதற்கும் அஞ்சுவதற்கும் காரணம் உள்ள இடம் அது. ஏழு ஆண்டுச் செழிப்புக்குப் பின் ஏழு ஆண்டுப் பஞ்சம் வரும் என்ற கசப்பான செய்தியை அவர்கள் இனிப்புத் தடவிக் கொடுக்கவில்லை. செய்தியோடு சேர்த்து, விளைச்சலைக் கதிரிலேயே விட்டுச் சேமிக்கும் வழியையும் சொன்னார்கள். ஏழு ஆண்டு முன்னதாகச் சொன்னதால் ஒரு தேசம் பிழைத்தது. அந்த அரசனையும் பாராட்ட வேண்டும். கெட்ட செய்தி சொன்னவரைத் தண்டிக்காமல், களஞ்சியச் சாவியையே அவரிடம் கொடுத்தான்.

ஆகவே, ஆரம்பத்தில் எழுப்பிய கேள்விக்கு என் சிற்றறிவுக்கு எட்டிய பதில் இதுவே: வாய் மூடியிருப்பது போதாது. சம்பளம் வாங்கிக்கொண்டு ஒரு பொறுப்பை ஏற்றவரிடம் வேலை மட்டுமன்று, அதன் உண்மை நிலையும் அமானிதமாக இருக்கிறது. அதைக் காலத்தோடு ஒப்படைப்பது அவர் கடமை. அதை ஒப்படைக்க வருபவரின் கை நடுங்காதபடி பார்த்துக்கொள்வது முதலாளியின் கடமை. பலம் உள்ளவர் மீதே பாரம் அதிகம். ஆகையால் இரண்டாவது கடமை முதலாவதைக் காட்டிலும் கனமானது.

என் மருமகன் அடுத்த வார அறிக்கையில் சிவப்புப் போட்டான். வெறும் சிவப்பை மட்டும் போடவில்லை. எந்தெந்தப் பொருள்களின் கணக்கு பொருந்தவில்லை, சரிசெய்ய இன்னும் எத்தனை நாள் தேவை, அதுவரை பழைய முறையையே வைத்துக்கொண்டு எப்படிச் சமாளிக்கலாம் என்பதையும் எழுத்தில் கொடுத்தான். கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்கச் சொல்லும் வசனமே திருக்குர்ஆனில் மிக நீளமானது என்று நான் அவனுக்கு நினைவூட்டியிருந்தேன். கூட்டத்தில் அவனை வாட்டத்தான் செய்தார்கள். பாராட்டு ஒன்றும் கிடைக்கவில்லை. அந்த ஆண்டுப் போனஸும் குறைந்தது. தேதியை ஆறு வாரம் தள்ளி வைத்தார்கள். ஆனால், அதே கூட்டத்தில் அவனுக்கு அடுத்து உட்கார்ந்திருந்தவர் தம் அறிக்கையை எடுத்து, பச்சையாக இருந்ததை மஞ்சளாக மாற்றினாராம். அதைச் சொல்லும்போது மட்டும் அவன் சிரித்தான். தேநீரையும் ஆறுவதற்கு முன் குடித்தான்.

கடை வைத்திருக்கும் சகோதரர்களே, கம்பெனி நடத்தும் பெரியவர்களே, சங்கங்களிலும் பள்ளிவாசல்களிலும் பொறுப்பு வகிக்கும் அன்பர்களே! இன்றிரவு கணக்கை மூடுவதற்கு முன் ஒரு கேள்வியை நமக்கு நாமே கேட்டுக்கொள்வோம். 'என்னிடம் கெட்ட செய்தி சொல்லக் கடைசியாக யார் வந்தார், நான் அவரை எப்படி வரவேற்றேன்?' நெடுநாளாக ஒருவரும் வரவில்லையென்றால், குவியலில் ஈரம் இல்லை என்று மகிழ்ந்துவிட வேண்டாம். கையை உள்ளே விட்டுப் பார்ப்போமாக!

வல்ல அல்லாஹ் நம் சம்பாத்தியத்தை ஹலாலாக்கி, நம் வியாபாரத்தில் பரக்கத்தைத் தந்து, நம்மிடம் உள்ள அமானிதங்களைக் காலத்தோடு ஒப்படைக்கும் தைரியத்தை நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.

வஸ்ஸலாம்.